எக்ஸ்ரே படத்தைப் படிப்பது யார்?

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் வாசகம்)



கூலி, போனஸ், பஞ்சப்படி பற்றிப் பேசத்தான் நாம் வழக்கமாகக் கூடுகிறோம். இன்று நாங்கள் பேச வந்திருப்பது டாக்டர்களின் படிப்பைப் பற்றி. "டாக்டர் படித்தால் நமக்கென்ன, படிக்காவிட்டால் நமக்கென்ன?" என்று கூட்டம் ஆரம்பிக்கும் முன்பே இரண்டு மூன்று தோழர்கள் கேட்டுவிட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லவே வந்திருக்கிறோம்.

மழை பொய்த்த வருஷத்தில் விவசாயக் கூலி எங்கே போகிறான்? கல் குவாரிக்குப் போகிறான். ஜல்லி உடைக்கும் கிரஷருக்குப் போகிறான். திருச்செங்கோட்டு போர் லாரியில் ஏறி ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு தோண்டப் போகிறான். பாறையைத் துளைக்கும்போது கிளம்புகிற வெள்ளைப் புழுதி, மாவு மில்லில் பறக்கிற மாவு போல உடம்பெல்லாம் அப்பிக் கொள்கிறது. உடம்பில் ஒட்டியதைக் குளித்துக் கழுவிவிடலாம். நெஞ்சுக்குள் போனதைக் கழுவ முடியாது. அந்தப் புழுதியில் சிலிக்கா என்ற பொருள் இருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற துகளைவிடத் தெரியாத துகளே ஆபத்து; அதுதான் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்த் தங்குகிறது. தங்கிய இடத்தில் புண்ணாகி, தழும்பாகி, சிறு சிறு முடிச்சாக இறுகுகிறது. இதற்குத்தான் சிலிக்கோசிஸ் என்று பெயர். இறுகிய நுரையீரலைப் பழையபடி இளக்குகிற மருந்து இன்றுவரை இல்லை.

பல வருஷம் கழித்து இருமல் வருகிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. சர்க்கார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார். மேல் பக்கத்தில் நிழல் தெரிகிறது. "டி.பி." என்று எழுதி, மாத்திரை கொடுத்து அனுப்புகிறார். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டும் குணமில்லை. மறுபடியும் படம், மறுபடியும் டி.பி. மாத்திரை. சளியில் கிருமி அகப்படவே இல்லையே என்று கேட்பார் இல்லை. "என்ன வேலை செய்தாய்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் விஷயம் வேறாகப் போயிருக்கும். குவாரித் தொழிலாளருக்கு இந்தியா நெடுகிலும் திரும்பத் திரும்ப நடக்கிற கதை இது.

இதில் அந்த டாக்டரைக் கெட்டவர் என்று நாம் சொல்லவில்லை. சிலிக்கோசிஸும் டி.பி.யும் நுரையீரலின் மேல் பாகத்தையே அதிகம் பிடிக்கின்றன. இரத்தத்தின் வழியாகப் பரவிய ஒருவகை டி.பி.யில் கம்பு மணி தூவியது போல இரண்டு பக்கமும் புள்ளிகள் தெரியும். சிலிக்கோசிஸிலும் புள்ளிகள் தெரியும். போதாக்குறைக்கு, சிலிக்கா பிடித்த நெஞ்சில் டி.பி. சுலபமாகக் குடியேறும், இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம். ஆகவே பார்த்தவுடன் சொல்லிவிடக்கூடிய சங்கதி அல்ல இது. எக்ஸ்ரே படம் பத்திரிகை அல்ல. அதில் எழுத்து இல்லை, நிழல்தான் இருக்கிறது. அந்த நிழலுக்குப் பெயர் வைப்பவர் டாக்டர். அவர் வைக்கிற பெயரைப் பொறுத்துத்தான் மருந்தும், நஷ்ட ஈடும், அவன் செத்தால் குடும்பத்துக்குக் கிடைக்கிற பணமும். டி.பி. என்று எழுதினால் அது ஏழைக்கு வந்த வியாதி, அவன் தலைவிதி. சிலிக்கோசிஸ் என்று எழுதினால் குவாரி முதலாளி பதில் சொல்ல வேண்டும்!

1895ஆம் ஆண்டின் கடைசியில் ஜெர்மனியில் ராண்ட்கன் என்ற விஞ்ஞானி இந்தக் கதிரைக் கண்டுபிடித்தார். அதற்குக் காப்புரிமை வாங்கிக் காசாக்க அவர் மறுத்துவிட்டார். மனித குலத்துக்குச் சொந்தமானது என்று விட்டுவிட்டார். அதனால்தான் அது வெகு சீக்கிரம் உலகமெங்கும் பரவியது. சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் 1934இல் பர்னார்டு கதிரியக்க நிலையம் திறக்கப்பட்டது. இன்று தாலுகா ஆஸ்பத்திரி வரை யந்திரம் வந்துவிட்டது. யந்திரம் வந்த வேகத்தில் படத்தைப் படிக்கிற கண் வரவில்லை என்பதுதான் எங்கள் புகார்.

ஒரு டாக்டர் மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது எக்ஸ்ரே பிரிவில் இருப்பது சில வாரந்தான். அதன் பிறகு முப்பது நாற்பது வருஷம் தொழில் செய்கிறார். கதிரியக்கத்துக்கென்றே தனியாகப் படித்த நிபுணர்கள் நகரத்தில் இருக்கிறார்கள். நம் ஊர் ஆஸ்பத்திரியில் படத்தைத் தூக்கிப் பார்ப்பவர் சாதாரண டாக்டர். அவருக்கு மறுபடியும் யார் கற்றுக் கொடுக்கிறார்கள்? அவர் கண்ணை யார் சோதிக்கிறார்கள்?

சோதிக்க வேண்டியது அவசியம் என்பதற்கு அத்தாட்சி இருக்கிறது. 1947இல் அமெரிக்காவில் டி.பி. கண்டுபிடிப்பதற்கு எந்த அளவு எக்ஸ்ரே படம் சிறந்தது, பெரிய படமா சிறிய படமா என்று பார்க்க ஒரு பரிசோதனையின் முடிவை வெளியிட்டார்கள். 1,256 பேரைப் பல அளவில் படம் எடுத்து, தேர்ந்த நிபுணர்கள் ஐவரிடம் கொடுத்தார்கள். முடிவு என்ன தெரியுமா? படத்துக்கும் படத்துக்கும் இருந்த வித்தியாசத்தைவிட நிபுணருக்கும் நிபுணருக்கும் இருந்த வித்தியாசமே பெரிது! ஒருவர் உண்டு என்ற இடத்தில் மற்றவர் இல்லை என்றார். அதைவிட வேடிக்கை, அதே நிபுணர் அதே படத்தைக் கொஞ்ச காலம் கழித்துப் பார்த்து, முன்பு தாம் சொன்னதையே மாற்றிச் சொன்னார். தங்கள் குறையைத் தாங்களே அச்சிட்டு வெளியிட்ட அந்த மருத்துவர்களைப் பாராட்ட வேண்டும்.

ரேஷன் கடைத் தராசை எடுத்துக் கொள்ளுங்கள். படிக்கல்லுக்கு சர்க்கார் முத்திரை உண்டு. ஒரு தடவை குத்தினால் போதாது. குறித்த காலத்துக்கொரு முறை இன்ஸ்பெக்டரிடம் கொண்டுபோய் மறுபடி சரிபார்த்து முத்திரை வாங்க வேண்டும். அரை கிலோ அரிசியை நிறுக்கிற கல்லுக்கு இந்தச் சட்டம் இருக்கிறது. ஒரு தொழிலாளியின் ஆயுளை நிறுக்கிற கண்ணுக்கு?

அந்தப் படிக்கல் செய்யும் வேலையைச் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் செய்து வைத்திருக்கிறது. தங்கச் சுரங்கத் தொழிலாளர் கூட்டங் கூட்டமாகச் செத்த தென்னாப்பிரிக்காவில், ஜோஹானஸ்பர்க் நகரில், 1930இல் சிலிக்கோசிஸ் பற்றி ஒரு சர்வதேச மாநாடு நடந்தது. அங்கே ஆரம்பித்த முயற்சி பல தடவை திருத்தப்பட்டு, கடைசியாக 2022இல் புதுப்பிக்கப்பட்டது. புழுதி நோய்கள் எந்தெந்தக் கட்டத்தில் எப்படித் தெரியும் என்பதற்கு மாதிரிப் படங்கள் கொண்ட ஒரு செட் இருக்கிறது. டாக்டர் நம் படத்தை மாதிரிப் படத்தின் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். புள்ளிகள் எவ்வளவு நெருக்கம் என்பதற்கு சைபர் முதல் மூன்று வரை. புள்ளி ஒன்றரை மில்லிமீட்டருக்கு உட்பட்டால் ஓர் எழுத்து, மூன்று வரை இன்னோர் எழுத்து, பத்து வரை மற்றோர் எழுத்து. பத்து மில்லிமீட்டரைத் தாண்டினால் அது முற்றிய நோய். அதற்குத் தனிக் குறி. மனப்பாடமாகச் சொல்வதில் பிரயோசனம் இல்லை. பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்பது விதி.

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிடுகிறோம். இப்போது படம் கம்ப்யூட்டரில் வருகிறது. அதற்கும் மாதிரிப் படங்கள் உண்டு. அதற்கேற்ற நல்ல திரை வேண்டும் என்று விதியும் உண்டு. படத்தைக் கைபேசியில் போட்டோ பிடித்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பி, அதைப் பார்த்து "ஒன்றுமில்லை" என்று பதில் வருகிறதே, அந்தப் பழக்கத்தை எந்த விதியும் ஒப்புக் கொள்ளவில்லை. ஒரு மில்லிமீட்டர் புள்ளி அந்தத் திரையில் எங்கே தெரியப் போகிறது?

படிக்கல் இருந்தால் மட்டும் போதுமா? நிறுக்கிறவனுக்குப் பழக்கம் வேண்டும். இதை அமெரிக்க நிலக்கரித் தொழிலாளர்கள் போராடித்தான் கற்றார்கள். 1968 நவம்பரில் மேற்கு வர்ஜீனியாவில் ஃபார்மிங்டன் சுரங்கம் வெடித்து 78 பேர் மடிந்தார்கள். தேசமே திரும்பிப் பார்த்தது. ஆனால் வெடிக்காத சுரங்கத்திலும் தொழிலாளி கரித்தூளைச் சுவாசித்து மெல்லச் செத்துக் கொண்டிருந்தான். "சுரங்க ஆஸ்துமா, சாதாரண விஷயம்" என்று கம்பெனி டாக்டர்கள் சொல்லி வந்தார்கள். பஃப், ராஸ்முசென், வெல்ஸ் என்ற மூன்று டாக்டர்கள் இதை ஒப்புக் கொள்ளாமல், ஊர் ஊராகப் போய்த் தொழிலாளர் கூட்டங்களில் கரிநுரையீரல் நோய் என்ன என்று விளக்கினார்கள். 1969 பிப்ரவரியில் வேலைநிறுத்தம் மூண்டது. ஏறக்குறைய 40,000 தொழிலாளர்கள் மூன்று வாரத்துக்கு மேல் சுரங்கத்தில் இறங்கவில்லை. மாகாணச் சட்டசபை நஷ்ட ஈட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. அதே வருஷக் கடைசியில் தேசியச் சட்டமும் வந்தது. தொழிலாளிக்கு இலவச எக்ஸ்ரே என்று சட்டம் சொன்னது.

எக்ஸ்ரே எடுத்தார்கள். படித்த டாக்டர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள்! அதன் பிறகுதான் தொழில் செய்து கொண்டிருக்கிற டாக்டர்களுக்கே பரீட்சை வைக்கும் ஏற்பாடு 1974இல் தொடங்கியது. வகுப்பில் வந்து உட்கார்ந்து போனவர்களுக்கு 'ஏ' என்று ஒரு தரம். பரீட்சையில் தேறியவர்களுக்கு 'பி' என்று ஒரு தரம். நீண்ட காலம் இருந்த விதிப்படி ஆறு மணி நேரத்தில் 125 படங்களைப் படித்துக் குறிக்க வேண்டியிருந்தது. தேறினாலும் அப்போது நாலு வருஷந்தான் செல்லுபடியானது. மறுபடி வந்து 50 படங்களைப் படித்துக் காட்ட வேண்டியிருந்தது. தலை நரைத்த நிபுணராக இருந்தாலும் இதே விதிதான் இருந்தது. படிக்கல்லைப் போலவே கண்ணுக்கும் முத்திரை! அந்த நாட்டு முதலாளித்துவத்தின் மேல் நமக்கு மயக்கம் கிடையாது. தொழிலாளி அடித்து வாங்கிய நல்ல காரியத்தை நல்லதென்று சொல்லத் தயங்கவும் மாட்டோம்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் உலகப் புகழ் பெற்ற ஆஸ்பத்திரி. கரி முதலாளிகள் தொழிலாளியின் படத்தை அங்கே அனுப்பி அபிப்பிராயம் வாங்கினார்கள். நல்ல கட்டணம் கொடுத்தார்கள். அந்தப் பிரிவின் தலைமை டாக்டர் பரீட்சை தேறியவர். 2013இல் பத்திரிகையாளர்கள் தஸ்தாவேஜுகளைத் தோண்டினார்கள். 2000ஆம் ஆண்டு முதல் 1,500க்கு மேற்பட்ட வழக்குகளில் படம் பார்த்த அவர், முற்றிய கரிநுரையீரல் நோயை ஒரு தடவைகூடக் கண்டதாக எழுதவில்லை! டி.பி.யாக இருக்கலாம், வேறு கிருமியாக இருக்கலாம் என்றே எழுதினார். சதையை வெட்டிப் பார்த்தும் பிணப் பரிசோதனை செய்தும் அந்த முடிவுகள் தவறென்று பல தடவை நிரூபணமானது. அதற்குள் பல தொழிலாளர்களின் வழக்கு தோற்றுப் போயிருந்தது. சேதி வெளிவந்ததும் ஆஸ்பத்திரி அந்த வேலையை நிறுத்தி வைத்தது. 2015இல் அடியோடு மூடியது. அந்த டாக்டரின் அபிப்பிராயத்தை நம்ப வேண்டாம் என்று 2014இல் அந்நாட்டுத் தொழில் இலாகாவே தன் அதிகாரிகளுக்கு எழுதியது. ஆகவே, பரீட்சை மட்டும் போதும் என்று எங்களால் சொல்ல முடியவில்லை. கண்ணுக்குப் பயிற்சி வேண்டும். அந்தக் கண் முதலாளியின் சம்பளப் பட்டியலிலும் இருக்கக் கூடாது.

பஞ்சாலைத் தோழர்கள் இவ்வளவு நேரம் பொறுமையாக உட்கார்ந்திருக்கிறீர்கள். "இது கல்லுக்கும் கரிக்கும் சரி, பஞ்சுக்கு என்ன?" என்று நினைப்பீர்கள். பஞ்சில் சமாசாரம் இன்னும் விபரீதம். புளோ ரூமிலும் கார்டிங்கிலும் பறக்கிற பஞ்சுத் தூசி பிசினோசிஸ் என்ற வியாதியைத் தருகிறது. வார லீவு முடிந்து வேலைக்கு வருகிற முதல் நாள் நெஞ்சு இறுகும். மறுநாள் சற்றுக் குறையும். வருஷம் போகப் போக எல்லா நாளும் இறுக்கமாகவே நிற்கும். இங்கிலாந்தில் லங்காஷயர் மில்களில் டாக்டர் ஷில்லிங் 1950களில் இதைக் கட்டம் கட்டமாகப் பிரித்து எழுதி வைத்தார். இந்த வியாதிக்கென்று எக்ஸ்ரே படத்தில் தனி அடையாளம் எதுவும் இல்லை! படம் சுத்தமாகவே இருக்கலாம். இதை அறியாத டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு "உனக்கு ஒன்றுமில்லை, வேலைக்குப் போ" என்று எழுதுவார். மேஸ்திரியும் அதையே காட்டி, வேலைக்கு மட்டம் போடுகிறாய் என்பார். இங்கே டாக்டருக்கு வேண்டிய படிப்பு, படம் எதைச் சொல்லாது என்கிற படிப்பு. குழாயில் ஊதச் சொல்லி மூச்சின் அளவைப் பார்க்கும் கருவி இருக்கிறது. வாரத்தின் முதல் நாள் ஷிப்டு தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் ஊதிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். முன்பு சொன்ன ராஸ்முசென் செய்ததும் இந்த வழிதான். படத்தில் தெரியாத மூச்சுக் கோளாறை, தொழிலாளியை நடக்கவிட்டு இரத்தத்தைச் சோதித்து நிரூபித்தார்.

நம் சட்டம் என்ன சொல்கிறது? சிலிக்கோசிஸும் பிசினோசிஸும் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே ஏறிவிட்டன. கண்ட டாக்டர் சர்க்காருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் கட்டளையிட்டது. 2020இல் பார்லிமெண்டு நிறைவேற்றிய புதிய தொகுப்பில் தொழிலாளிக்கு விரோதமானவை எத்தனையோ உண்டு. அதில்கூட அந்த அட்டவணையை எடுக்க முடியவில்லை. ஆனால் கண்டால் அல்லவா எழுதுவார்? காணத் தெரியாத கண்ணுக்கு எந்த அட்டவணையும் ஒன்றுதான். கோலார் தங்க வயலில் பாறை உடைத்த நம் தமிழ்த் தொழிலாளர்களை 1940களில் ஆயிரக்கணக்கில் சோதித்துப் பார்த்தார்கள். பத்துப் பேரில் நாலு பேருக்கு மேல் சிலிக்கோசிஸ் இருந்தது. தேடியபோது இருந்தது. தேடாத இடத்தில் கணக்கு சைபர் என்று முதலாளிமார் காட்டுகிறார்கள்.

ராஜஸ்தான் மாகாணத்தில் கல் தொழிலாளர் அமைப்புகள் வருஷக்கணக்காகப் போராடி 2019இல் ஒரு திட்டம் வாங்கின. சிலிக்கோசிஸ் என்று மருத்துவக் குழு சான்று கொடுத்தால் உயிரோடு இருக்கும்போதே மூன்று லட்சம் ரூபாய். இறந்தால் குடும்பத்துக்கு இரண்டு லட்சம். அங்கே எல்லாமே சான்றில் போய் நிற்கிறது. சான்று படத்தில் நிற்கிறது. படம் டாக்டரின் கண்ணில் நிற்கிறது.

டாக்டர்கள் தொடர்ந்து படிக்க வேண்டும் என்று இங்கேயும் விதி இருக்கிறது. 2002ஆம் ஆண்டு மருத்துவ ஒழுங்குமுறை, ஐந்து வருஷத்தில் 30 மணி நேரம் தொடர்கல்வி என்றது. கணக்குப் போடுங்கள்: வருஷத்துக்கு ஆறு மணி. நம் மில்லில் ஒரு ஷிப்டு எட்டு மணி! அந்த ஆறு மணியும் எதில் வேண்டுமானாலும் போகலாம். பெரிய ஓட்டலில் மருந்துக் கம்பெனி செலவில் நடக்கிற கூட்டத்தில் கையெழுத்துப் போட்டு, சாப்பிட்டுவிட்டு வந்தாலும் கணக்கில் சேரும். புழுதி நோய்ப் படத்தைப் படிக்கக் கற்றாரா என்று கேட்கிறவர் இல்லை. அகமதாபாத்தில் 1966இல் தொடங்கிய தேசியத் தொழில் நல நிறுவனம் இருக்கிறது. டாக்டர்களுக்கு இந்தப் பயிற்சியைத் தரத் தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஆனால் நோயாளிகள் வரிசையில் நிற்க, பதிலுக்கு ஆள் இல்லாமல், தாலுகா டாக்டர் எப்படி அகமதாபாத் போவார்? சோவியத் நாடு இருந்த காலத்தில் மாஸ்கோவில் 1930இலேயே டாக்டர்களின் மேற்பயிற்சிக்கென்று மத்திய நிறுவனம் ஏற்படுத்தினார்கள்; கிராமத்து டாக்டர் சம்பளத்தோடு போய்ப் படித்துத் திரும்பினார். டாக்டரின் படிப்பை அவர் சொந்தச் செலவு என்று விடாமல், ஜனங்களின் செலவென்று கருதினார்கள்.

நமது கோரிக்கையும் அதுவே. இ.எஸ்.ஐ. நம் சம்பளத்திலிருந்து பிடித்த பணத்தில் நடக்கிறது. கோயம்புத்தூரில் அது 1955இல் வந்தபோது நம் முன்னோர் கொடுத்த காசும் அதில் இருக்கிறது. ஆகவே அந்த டாக்டர்களைச் சம்பளத்தோடு அனுப்பிப் பயிற்சி கொடு, திரும்பி வந்தபின் குறித்த காலத்துக்கொரு முறை பரீட்சை வை என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. ஜில்லா ஆஸ்பத்திரிக்கு ஒரு செட் மாதிரிப் படம் வேண்டும். குவாரியும் பவுண்டரியும் உள்ள ஜில்லாக்களில் முதலில் வேண்டும். நஷ்ட ஈட்டுக்குப் போகிற படத்தை இரண்டு டாக்டர்கள், ஒருவர் முடிவு மற்றவருக்குத் தெரியாமல், தனித்தனியாகப் படிக்க வேண்டும். இதில் டாக்டர்கள் நமக்கு எதிரிகள் அல்ல. ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்க்கிற சர்க்கார் டாக்டரும் வேலைப்பளுவில் நசுங்குகிற உழைப்பாளிதான். பயிற்சிக்கு விடுமுறையும் மாற்று ஆளும் கேட்டு அவர்கள் மனுக் கொடுத்தால், நம் சங்கமும் சேர்ந்து கையெழுத்துப் போடும்.

சர்க்கார் செய்கிறவரை நாம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, கேட்டாலும் கேட்காவிட்டாலும், எந்தெந்த வருஷம் எந்தக் குவாரியில், எந்த மில்லில், எந்த டிபார்ட்மெண்டில் வேலை செய்தோம் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொண்டு போங்கள். எக்ஸ்ரே சீட்டிலேயே அதைக் குறித்துக் கொள்ளச் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குச் சங்க ஆபீசில் எழுதித் தருகிறோம், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வாருங்கள். பழைய படங்களைக் கூரையில் செருகி வைக்காதீர்கள். வெயிலிலும் புகையிலும் கெட்டுவிடும். உறையில் போட்டு, தேதி எழுதி, பெட்டிக்குள் வையுங்கள். ஐந்து வருஷத்துக்கு முந்திய படமும் இன்றைய படமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், பயிற்சி பெற்ற டாக்டர் பாதி வழக்கை அங்கேயே சொல்லிவிடுவார்.